எந்த அமெரிக்காவின் மாதிரி?

அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து 250 ஆண்டுகள் ஆவதை முன்னிட்டுக் கிழக்கேகோட்டையில் ஒரு சிறு மண்டபத்தில் நம்மவர்கள் கூட்டம் நடத்தினார்கள். நானும் போயிருந்தேன். நாற்காலிகள் நிறைந்திருந்தன. காபியும் வடையும் குறை சொல்ல இடமில்லாமல் இருந்தன. பேச்சுத்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

பேசியவர் எண்பதைத் தாண்டிய பெரியவர். வாஷிங்டனைச் சொன்னார், ஜெஃபர்சனைச் சொன்னார், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டிய கதையைச் சுவையாகவே சொன்னார். பிறகு குரலைச் சற்று உயர்த்தி, "இந்தியாவில் வேறெவரும் எண்ணிப் பார்க்காத காலத்தில் அமெரிக்க அரசியல் முறையை இந்த மண்ணுக்குக் கொண்டுவர முயன்ற தீர்க்கதரிசி நம் சர் சி.பி.தான். ஒரு தமிழன் அதைச் செய்வதா என்ற பொறாமையில் கெடுத்துவிட்டார்கள்" என்று முடித்தார். மண்டபம் அதிரக் கைதட்டல்!

வாசக அன்பர்களே, அந்தப் பெரியவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் சமூகத்துப் பிள்ளைகள் பலருக்குக் கல்விக்கட்டணம் கட்டியவர் அவர். அவர் சொன்ன சரித்திரத்தைத்தான் குறை சொல்கிறேன். கைதட்டிய நம்மவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படி என்னதான் அந்த அமெரிக்க மாதிரி? 1946 ஜனவரியில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஓர் அரசியல் சீர்திருத்தத்தை அறிவித்தார். சட்டசபைக்கு இரண்டு அவைகள். கீழவைக்கு வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு. இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டசபைக்குப் பதில் சொல்லும் மந்திரிசபை கிடையாது. நிர்வாகம் திவான் கையில். திவானை நியமிப்பவர் மகாராஜா. சட்டசபை முழுவதும் ஒரே குரலாய் எழுந்து நின்று 'போ' என்றாலும் திவான் போக வேண்டியதில்லை. 'நீக்க முடியாத நிர்வாகம்' என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தில் மந்திரிசபையைப் பார்லிமெண்டு கவிழ்த்துவிடலாம்; அமெரிக்க ஜனாதிபதியை அந்நாட்டுக் காங்கிரஸ் அப்படிக் கவிழ்க்க முடியாது; ஆகவே இது அமெரிக்க மாதிரி!

வக்கீல் வாதம் என்றால் இதுவல்லவா வக்கீல் வாதம். அமெரிக்க ஜனாதிபதியைக் காங்கிரஸ் நினைத்தபோது கவிழ்க்க முடியாததற்குக் காரணம், அவரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் கொண்டு வருகிறது, தேர்தலே கொண்டு போகிறது. குற்றம் செய்தால் விசாரித்து நீக்கவும் வழி இருக்கிறது. பணப்பெட்டியின் சாவி காங்கிரசிடம். அவர் தடுத்த மசோதாவை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் சட்டமாக்கவும் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு. இத்தனையையும் கழித்துவிட்டு 'நீக்க முடியாது' என்ற ஒரே சொல்லை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்தால் அது எப்படி அமெரிக்க மாதிரியாகும்? 1787-இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் வகுத்தபோது, அலெக்சாண்டர் ஹாமில்டன் நாட்டுத் தலைவருக்கு ஆயுட்காலப் பதவி வேண்டும் என்று ஜூன் 18 அன்று மணிக்கணக்கில் பேசினார். அவ்வளவு பெரிய அறிவாளி பேசியும் சபை அந்த யோசனையை ஏற்கவில்லை. அந்த நாட்டார் வேண்டாம் என்று தள்ளியதற்கு நம் திவான் அந்த நாட்டின் பெயரையே சூட்டினார்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சர் சி.பி. கொண்டுவந்தது அமெரிக்க மாதிரிதான். 1776-க்கு முந்திய அமெரிக்காவின் மாதிரி.

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1691-இல் ராஜா கொடுத்த சாசனப்படி கவர்னரை நியமிப்பவர் லண்டனில் இருந்த மன்னர். ஊர்கள் ஓட்டுப்போட்டு அனுப்பும் பிரதிநிதிகள் சபை ஒன்று உண்டு. சபை எதை நிறைவேற்றினாலும் கவர்னர் தடுக்கலாம். கவர்னரைச் சபை நீக்க முடியாது. மகாராஜா, திவான், சட்டசபை என்று பெயரை மாற்றிப் போட்டால் 1946-இன் திருவிதாங்கூர் திட்டம் வரிக்கு வரி வந்துவிடுகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. அதுவும் திவான் திட்டத்துக்கு எதிராகவே பேசுகிறது. அந்தக் கவர்னரின் சம்பளத்தை ஆண்டுதோறும் பிரதிநிதிகள் சபைதான் ஓட்டெடுத்துக் கொடுக்க வேண்டும். முறைத்துக்கொண்டால் சம்பளம் நிற்கும். நானோ சாலைக் கடைத்தெருவில் முப்பத்தைந்து ஆண்டு கடைக்கணக்கு எழுதியவன். சம்பளம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே விசுவாசம் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. லண்டன் சர்க்காருக்கும் அது தெரிந்திருந்தது. 1765-இல் முத்திரை வரி போட்டுப் பார்த்து, எதிர்ப்பு தாங்காமல் அடுத்த ஆண்டே எடுத்தார்கள். 1767-இல் கண்ணாடி, ஈயம், காகிதம், வர்ணம், தேயிலை இவற்றின்மேல் சுங்கம் போட்டார்கள். எதற்காக? கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் அந்தச் சுங்கப் பணத்திலிருந்தே சம்பளம் கொடுத்துவிட்டால், மக்கள் சபையின் தயவு அவர்களுக்கு வேண்டாம் அல்லவா? 1770-இல் மற்றவற்றை நீக்கினாலும் தேயிலைச் சுங்கத்தை விடவில்லை. 1772-இல் மாசசூசெட்ஸ் கவர்னருக்கு இனி மன்னரே சம்பளம் கொடுப்பார் என்று ஆனபோது பாஸ்டன் மக்கள் கூடி, ஊருக்கு ஊர் கடிதம் எழுதும் கமிட்டிகளை அமைத்தார்கள். புரட்சிக்கு அமைப்பு என்று ஒன்று பிறந்தது அங்கேதான்.

கூட்டத்தில் பெரியவர் சுவையாகச் சொன்ன தேயிலைக் கதையில் விட்டுப்போன கணக்கும் இதுதான். தேயிலை விலை ஏறியதால் மக்கள் கோபம் கொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1773-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை முன்னைவிட மலிவாகவே விற்க வழி பிறந்தது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் சுங்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மலிவுத் தேயிலையை வாங்கிக் குடித்தால், நம் சம்மதமின்றி நம்மேல் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகும். அதனால்தான் 1773 டிசம்பர் 16 இரவில் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்.

அந்தத் தேயிலைக்குச் சொந்தக்காரன் யார் என்பதையும் நம்மவர்கள் மறந்துவிட வேண்டாம். இங்கிருந்து வடக்கே கடலோரம் அஞ்சுதெங்கில் கோட்டை கட்டி மிளகு வாங்கிய அதே கம்பெனி. விலையில் வஞ்சனையும் ஊராரை அவமதிப்பதுமாக இருந்த கம்பெனி அதிகாரியும் அவன் ஆட்களும் 1721 ஏப்ரலில் ஆற்றிங்கல் ராணிக்கு வெகுமதி கொண்டுபோனபோது, மக்கள் திரண்டு அவர்களை வெட்டி வீழ்த்தினார்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர் மாண்டனர். கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. பாஸ்டனுக்கு அது 52 ஆண்டு முந்தியது. இன்னொரு வேடிக்கை: 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தன் சேனையைச் சரணடையச் செய்த கார்ன்வாலிஸ் துரையைத்தான் 1786-இல் நமக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள்.

இனி மாசசூசெட்ஸ் கவர்னரைப் பார்ப்போம். அவர் பெயர் தாமஸ் ஹட்சின்சன். லண்டனிலிருந்து வந்திறங்கிய துரை அல்லர். 1711-இல் பாஸ்டனிலேயே பிறந்தவர். ஹார்வர்டில் படித்தவர். தன் நாட்டின் சரித்திரத்தைத் தானே எழுதிய பண்டிதர். நிர்வாகத்தில் சூரர். 'நம்ம ஊர்க்காரர்' என்று மார்தட்டிக்கொள்ள எல்லாத் தகுதியும் உடையவர். ஆனால் தேயிலையை ஏற்று விற்கும் உரிமை பெற்ற வியாபாரிகளில் அவருடைய மகன்கள் இருவர் இருந்தார்கள். சரக்கை இறக்காமல் கப்பலைத் திருப்பி அனுப்ப அனுமதிச் சீட்டுக் கொடுங்கள் என்று ஊரே கெஞ்சியது. கொடுக்க மறுத்தார். மறுத்த செய்தி வந்த இரவில்தான் தேயிலை கடலுக்குப் போயிற்று. மறு ஆண்டு கப்பலேறி இங்கிலாந்து போனவர், 1780-இல் லண்டனிலேயே காலமானார். பாஸ்டன் மக்கள் யாரும் "ஐயோ, நம்ம ஆளை விரட்டிவிட்டோமே" என்று மண்டபம் பிடித்து அழுததாகத் தெரியவில்லை.

சர் சி.பி.யும் 1947 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தை விட்டுப் போனார். 1966-இல் லண்டனில் காலமானார். ஒற்றுமை தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சர் சி.பி. ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவர் திவானாக வந்த சில வாரங்களில், 1936 நவம்பர் 12-இல், ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. மறு ஆண்டு சர்வகலாசாலை வந்தது. 1940-இல் பள்ளிவாசல் மின்சாரம் வந்தது. 1944-இல் தூக்குத்தண்டனையை ஒழித்த ராஜ்யம் திருவிதாங்கூர். அத்தனையும் உண்மை. அதே ராஜ்யத்தில்தான் 1938-இல் பொறுப்பாட்சி கேட்ட ஸ்டேட் காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது, நெய்யாற்றின்கரையில் துப்பாக்கி வெடித்தது. தூக்குமேடையை ஒழித்து இரண்டே ஆண்டில், 1946 அக்டோபரில், ஆலப்புழை, சேர்த்தலைத் தாலுக்காக்களில் ராணுவச் சட்டம் வந்தது. கயிற்றுத் தொழிலாளியும், மீன்பிடித் தொழிலாளியும், வயல் கூலியும் கமுகைச் சீவிக் கூராக்கிய குந்தங்களோடு நின்றார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கி. புன்னப்புரையில் அக்டோபர் 24. வயலாரில் 27. மாண்டவர் தொகையில் சர்க்கார் கணக்கும் மக்கள் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நூற்றுக்கணக்கில் மாண்டனர் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலியும் அரிசியும் இருந்தன. திவான் ஆட்சி ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. 'அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்' என்பது அவர்கள் முழக்கம். முழக்கத்தை எழுப்பியவருக்குப் பாஸ்டன் துறைமுகம் நினைவில் இருந்ததோ இல்லையோ, எனக்கு அது கேட்கும்போதெல்லாம் தேயிலைப் பெட்டிகள்தான் கண்முன் வருகின்றன. 1946-இல் அமெரிக்கப் புரட்சியை நடத்தியது திவான் பங்களாவா, வயலார் மணலா? பெரியவர் சொல்லட்டும்.

"எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்தாரே, அது பிரிட்டிஷ் இந்தியாவில்கூட அப்போது இல்லையே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓட்டு அமெரிக்கக் குடியேற்றங்களிலும் இருந்தது. வர்ஜீனியாவில் 1619-லேயே பிரதிநிதிகள் சபை கூடிற்று. ஓட்டில்லை என்று அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. ஓட்டுப்போட்டு அனுப்பிய சபைக்கு அதிகாரம் இல்லை என்பதற்கே போனார்கள். திருவிதாங்கூரும் அவ்வழியில் பழையதுதான். 1888-லேயே சட்டசபை வைத்த சமஸ்தானம் இது. 1904-இல் பிரஜா சபை வந்தது; நூறு ரூபாய் நிலவரி கட்டுகிறவர்களும் பெரிய வியாபாரிகளும் பிரதிநிதி அனுப்பலாம் என்றார்கள். அங்கே சபை கேட்கலாம், மனுக்கொடுக்கலாம், வணங்கி விடைபெறலாம். வரி கட்டுகிறவன் மனுக்காரனாகவே நின்றான்.

அமெரிக்கப் புரட்சியை நான் தலையில் தூக்கி ஆடுவதாகவும் எண்ண வேண்டாம். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று எழுதிய ஜெஃபர்சனின் தோட்டத்தில் அடிமைகள் உழைத்தார்கள். 1787-இன் சட்டம் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாகக் கணக்கிட்டது. அதுவும் அவனுக்கு ஓட்டுக் கொடுக்க அல்ல, அவனை வைத்திருந்த மாகாணத்துக்குக் கூடுதல் இடம் கொடுக்க. அங்கே அடிமைமுறையை ஒழிக்கும் திருத்தம் 1865-இல்தான் வந்தது. திருவிதாங்கூரில் 1855. அந்தப் பெருமையை வேண்டுமானால் மண்டபத்தில் பேசியிருக்கலாம்.

இப்போது 'தமிழன்' கதைக்கு வருகிறேன். சர் சி.பி. வந்தவாசியில் பிறந்த தமிழர் என்பதால் அவரைத் தாக்கினால் நம்மைத் தாக்கியதாக நாம் ஏன் கொள்ள வேண்டும்? 1891-இல் பத்தாயிரம் பேருக்குமேல் கையெழுத்திட்டு மகாராஜாவிடம் கொடுத்த மலையாளி மெமோரியலில் பெரிய உத்தியோகங்களைப் பரதேசிகள் கைப்பற்றிவிட்டார்கள் என்று முறையிட்டார்கள். பரதேசி என்று அவர்கள் சொன்னது தமிழ் பிராமண அதிகாரிகளை. அந்தச் சொல் யார் முதுகில் விழுந்தது? பல்லக்கில் போன உத்தியோகஸ்தர் முதுகிலா? சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவன், இலை நறுக்கியவன், எண்ணெய் விற்றவன் முதுகில் விழுந்தது. திவான்களுக்கு எதிரான வெறுப்பைச் சில்லறையாக வாங்கிக் கழித்தவர்கள் நாம்.

என் தகப்பனார் 1947-இல் அதே தெருவில் கடைப்பையன். ஜூலை 25 இரவு, சங்கீத அகாடமிக் கச்சேரியில் திவானை வெட்டிவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் முதலாளி விளக்கை அணைத்து, பலகைகளை அடைத்து, "தமிழன் கடை என்று வருவார்கள்" என்று நடுங்கினாராம். ஒருவரும் வரவில்லை. வெட்டியவர் பெயர் பின்னர்தான் தெரிந்தது: கே.சி.எஸ். மணி. அம்பலப்புழைக்காரர், சோஷலிஸ்டு. பிறப்பால் அவரும் தமிழ் பிராமணர். கத்தியை நான் ஆதரிக்கவில்லை. பொறாமைப்பட்ட மலையாளிகள் கெடுத்தார்கள் என்ற கதையில் மணி ஐயரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று மட்டும் கேட்கிறேன்.

தமிழனின் அரசியல் மரபு எது என்று தேடுகிறவர்களுக்குத் திவான் பங்களாவைவிடத் தெற்கே போனால் நல்லது. அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகள் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி, படைகளின் கொள்ளையிலிருந்து காப்பாற்றாத சர்க்காருக்கு வழக்கத்துக்கு மேற்பட்ட வரி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பாஸ்டனில் ஹட்சின்சன் அப்போது பிறந்தாரோ இல்லையோ! 1799-இல் கட்டாய வசூலையும் உப்பு வரியையும் எதிர்த்துத் தலைக்குளத்து வேலுத்தம்பியின் பின்னால் தலைநகருக்குத் திரண்டு வந்து, மந்திரியை நீக்கச் சொல்லி நீக்கவும் வைத்தவர்களும் அந்த நாட்டார்தான். நீக்க முடியாத நிர்வாகம் என்பதை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

பெரியவர் தரப்பில் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. மேடையில் அதை அவர் சொல்லவில்லை. காபி குடிக்கும்போது என்னிடம் சொன்னார். "பொறுப்பாட்சி வந்து தமிழனுக்கு என்ன கிடைத்தது? 1954-இல் குண்டுதானே?"

கிடைத்தது. மறைக்க முடியாது. தென் தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நேசமணி அவர்களின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியபோது, 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, தமிழர் மாண்டனர். அப்போது முதல் மந்திரி பட்டம் தாணுப்பிள்ளை. திவானை எதிர்த்துச் சிறை சென்ற அதே பட்டம்! அதை நாம் மன்னிக்க வேண்டியதில்லை.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, சுட்ட மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை. 117 பேர் சபையில் 19 பேரை வைத்துக்கொண்டு ஆண்ட அந்த மந்திரிசபை 1955 பிப்ரவரியில் சபையில் தோற்று வீட்டுக்குப் போயிற்று. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்தமேனன் மந்திரிசபைக்கு நம் பன்னிரண்டு பேரின் ஆதரவு வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழ்நாட்டுக்குப் போயின. நீக்க முடியாத திவான் ஒருவர் அப்போது உட்கார்ந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு பேரும் என்ன செய்திருப்பார்கள்? மனுக்கொடுத்து வணங்கி விடைபெற்றிருப்பார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட்டு மணல் சர் சி.பி.யின் தனிநாட்டுப் பேரத்தில் ஒரு சரக்காக இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தாலுக்காவை அவர் விட்டிருப்பாரா?

பெரும்பான்மை தவறு செய்யும் என்ற பயம் அமெரிக்கர்களுக்கும் இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட மருந்து, 1791-இல் சட்டத்தோடு சேர்த்த உரிமைகள்: பேச, எழுத, கூட, குறைதீர்க்கக் கேட்க. அமெரிக்காவிலிருந்து எதையாவது இறக்குமதி செய்திருந்தால் அதைச் செய்திருக்கலாம். 1946-இல் கூட்டம் கூடினால் தடை, பத்திரிகைக்குத் தடை.

எல்லை பிரிந்தபின் இந்தப் பக்கமே தங்கிவிட்ட நமக்கு இது பழங்கதை அல்ல. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ் பேசும் சிறுபான்மையர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்று வகை செய்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துறைத் தலைமை அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதினேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். 1775-இல் அமெரிக்கர்கள் சமாதானம் கேட்டு அனுப்பிய கடைசி மனுவை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கையில் வாங்கவே மறுத்தார் என்று படித்த ஞாபகம் வந்தது. சட்ட எண்ணை மேலே எழுதி அதே மனுவை மறுபடி பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்தாம் மாதம் பதில் வந்தது. மலையாளத்தில். தமிழில் வேண்டும் என்று மூன்றாவது கடிதம் போட்டேன். அந்தக் கடிதத்தில் என்னோடு கையெழுத்திட அன்று பதினொரு பேர் முன்வந்தார்கள். மண்டபத்தில் கைதட்டியவர்களை எண்ணிப் பார்த்தேன், நூற்றைம்பதுக்குக் குறையாது. நான்காவது கடிதம் சங்க அலுவலகத்தில் மேசைமேல் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.